எழுநூறு டாலரும் ஒரு 'பரவாயில்ல'யும்

இர்மா சல்மி தன் நாற்பத்தாறாவது வயதில் வேலைக்குப் போவதற்காகப் பணம் கட்டினாள். வாங்கும் சம்பளம் ஒரு பக்கம். அந்தச் சம்பளம் வாங்கப் போவதற்குக் கட்டணம் ஒரு பக்கம். கனடாவின் தண்டர் பே நகரத்தில் இதைக் கேட்டுச் சிரிக்காத ஆள் கிடையாது. எல்லாரையும்விட அதிகம் சிரித்தவன் அவள் கணவன் ரெய்னோ.

"நான் இருபத்திரண்டு வருஷம் ஆலையில வேலை பாத்தேன். உள்ள நுழைய ஒரு நாளாவது டிக்கெட் வாங்கியிருப்பேனா?" என்பான்.

"டிக்கெட் இல்ல, கட்டணம்."

"எவ்வளவு?"

"சொன்னேனே. எழுநூறு."

"எழுநூறா!" என்று ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்டவன் மாதிரி மேசையைத் தட்டுவான். பருவத்துக்கு ஒரு தடவை இந்த நாடகம் நடக்கும். இர்மா பேசாமல் பாத்திரம் கழுவுவாள். அவளுக்கும் அதே எரிச்சல்தான். வீட்டில் இரண்டு பேருமே கத்தினால் நன்றாக இருக்காது என்று ஒருத்தி சும்மா இருந்தாள், அவ்வளவே.

இருவரும் காகித ஆலையில் இருந்தவர்கள். அவன் இயந்திரத்தில், அவள் பரிசோதனைக் கூடத்தில். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஆலையை மூடிவிட்டோம் என்று சொன்னார்கள். பதினொரு மணிக்கு எல்லாரும் வாகன நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். ரெய்னோவுக்குச் சாலையில் பனி ஒதுக்கும் லாரி கிடைத்தது. மரக்கூழைப் பரிசோதிக்கத் தெரிந்த பெண்ணை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வார்கள்? இர்மா ஒரு குளிர்காலம் முழுக்க வீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, பல்கலைக்கழகத்தில் தண்ணீர்ப் பொறியியல் படிக்கச் சேர்ந்தாள். வகுப்பில் அடுத்த மூத்த ஆளுக்கு வயது இருபத்தொன்று.

அந்தப் படிப்பின் முறையே அப்படி. நான்கு மாதம் வகுப்பு, நான்கு மாதம் எங்காவது வேலை, மறுபடி வகுப்பு, மறுபடி வேலை. நான்கு வேலைப் பருவமும் தேறினால்தான் பட்டம். வேலை தரும் நிறுவனங்களைப் பிடிப்பது, நேர்காணலுக்கு நேரம் குறிப்பது, நடுவில் ஆள் அனுப்பிப் பார்ப்பது, கடைசியில் மதிப்பீட்டுப் படிவம் வாங்குவது, இதற்கெல்லாம் ஓர் அலுவலகம். அந்த அலுவலகத்துக்குத்தான் அந்த எழுநூறு.

முதல் வேலைப் பருவம் டொராண்டோவில். அங்கே அவளுக்கு மேலே இருந்தவனுக்கு இருபத்தேழு வயது. கழன்று கிடந்த அச்சு இயந்திரத்தின் பிளக்கை ஒரு நாள் இர்மா சொருகிவிட்டாள். "அசத்திட்டீங்க!" என்று அவன் இரண்டு கையையும் தூக்கினான். கடைசியில் படிவத்தின் பத்தொன்பது கேள்விக்கும் 'மிகச் சிறப்பு' என்ற கட்டத்தில் குறி போட்டு அனுப்பினான். மேலே அவள் பெயரைத் தப்பாக எழுதியிருந்தான்.

"பிளக்கைச் சொருகினதுக்கே அசத்திட்டீங்கன்னா, அணையைக் கட்டினா என்ன சொல்லுவான்?" என்று ரெய்னோவிடம் கேட்டாள்.

"செத்தே போயிடுவான்" என்றான் ரெய்னோ.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தாத்தன் காலத்தில் மரம் வெட்டப் பின்லாந்திலிருந்து வந்து எங்கள் ஊரில் தங்கிவிட்ட குடும்பங்கள் இவர்களுடையவை. இந்தக் கூட்டத்தில் வாய்விட்டுப் புகழ்வது, பல்லைக் குத்திக்கொண்டே பேசுவது மாதிரி ஒரு கெட்ட பழக்கம். குழந்தை முதல் பரிசு வாங்கி வந்தால் "காலைத் துடைச்சிட்டு உள்ள வா" என்பார்கள். திட்டுவதும் இல்லை, அது வேறு விஷயம். எதையாவது உள்ளபடியே பிடித்துப்போய், சொல்லாமல் இருக்க முடியாமல் போனால், அப்போது ஒரு வார்த்தை வரும்: "பரவாயில்ல." அதற்கு மேல் வார்த்தை கிடையாது, தேவையும் பட்டதில்லை. கல்யாணத்தன்று மாதா கோயில் வாசலில் இர்மாவை மணப்பெண் உடையில் பார்த்த ரெய்னோ, தொண்டையைச் செருமிக்கொண்டு, "பரவாயில்ல" என்றான். அன்று சொன்னதுதான். இருபத்து மூன்று வருடம் ஆகிறது. இர்மா அதை இன்னும் மறக்கவில்லை.

நான்காவது வேலைப் பருவத்துக்கு அலுவலகம் காட்டிய இடங்கள் எல்லாம் ஆயிரம் மைலுக்கு அப்பால். ரெய்னோவுக்கு அந்த வருடம் முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. விட்டுவிட்டுப் போக முடியாது. "நான் கேட்டுப் பாக்கறேன்" என்றான். சனிக்கிழமை சவுனா என்கிற ஆவிக்குளியல் அறையில், மேல் பலகையில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வெய்க்கோவிடம் கேட்டான். அறுபது கிலோமீட்டர் மேற்கே ஒரு சின்ன ஊரின் குடிநீர் நிலையத்துக்கு வெய்க்கோதான் பொறுப்பு. அவர் மூன்று தடவை சுட்ட கல்லில் தண்ணீர் ஊற்றி, ஆவி எழும்பி அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "வரட்டும்" என்றார்.

வேலையைத் தேடியது ரெய்னோ, கொடுத்தது வெய்க்கோ. ஆனாலும் செப்டம்பரில் எழுநூறு டாலர் கட்டணச் சீட்டு வந்தது. இர்மாவுக்கு அன்று நிஜமாகவே வயிறு எரிந்தது. மாணவர் சங்கம் அப்போது கட்டணத்தை எதிர்த்து மனு எழுதிக்கொண்டிருந்தது. சங்கத் தலைவி ஆஷ்லின் வகுப்பறை வாசலில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தாள். கையெழுத்துக்குக் கீழே விரும்பினால் ஒரு வரி எழுதலாம். இர்மா எழுதினாள்: "எனக்கு வேலை கிடைத்தது சவுனாவில். அப்போது உங்கள் அலுவலகம் எந்தப் பலகையில் உட்கார்ந்திருந்தது?"

அந்த வரி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. ஆஷ்லின் அதைச் சட்டையில் அச்சடித்து விற்றாள். இர்மாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது, என்றாலும் எழுதியதை மறுக்கவில்லை.

நிலையத்தில் இருந்தது அவளும் வெய்க்கோவும் மட்டும். ஆற்றிலிருந்து தண்ணீர் வரும், வடிகட்டிகளில் இறங்கும், மருந்து சேரும், ஊருக்குப் போகும். இரண்டாயிரத்து நூறு பேர் குடிக்கிற தண்ணீர். காலையில் மாதிரி எடுத்துக் கலங்கலைப் பார்ப்பதும், குளோரின் பார்ப்பதும், பார்த்ததை நோட்டில் எழுதுவதும் இர்மாவின் வேலை. ஆலையில் பதினெட்டு வருடம் இதைத்தான் வேறு திரவத்தில் செய்தாள். முதல் வாரம் வெய்க்கோ அவள் பின்னாலேயே நின்றார். இரண்டாம் வாரம் தள்ளி நின்றார். மூன்றாம் வாரம் ரொட்டித் துண்டை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டார். அக்டோபரில் ஒரு நாள் தன் கழுத்திலிருந்த நிலையச் சாவியைக் கழற்றி, ஒன்றும் சொல்லாமல் அவள் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். இர்மாவும் ஒன்றும் கேட்காமல் மாட்டிக்கொண்டாள்.

நவம்பர் தொடக்கத்தில் அலுவலகத்திலிருந்து பார்வைக்கு ஆள் வந்தது. பெயர் கொலெட். முப்பது வயது இருக்கும். வடக்கே ஹர்ஸ்ட் என்ற ஊர்ப் பக்கத்துப் பிரெஞ்சுக் குடும்பத்துப் பெண். பழைய சின்னக் காரில், குளிரில் மூக்கு சிவக்க வந்து இறங்கினாள். பேச ஆரம்பித்தால் கை, புருவம், தோள் எல்லாம் சேர்ந்து பேசும்.

"எப்படிப் போகுது இர்மா? உங்களுக்கு இங்க பிடிச்சிருக்கா? ஏதாவது கஷ்டம் இருந்தாச் சொல்லுங்க, நான் அதுக்குத்தான் வந்திருக்கேன்."

"பரவாயில்ல" என்றாள் இர்மா.

கொலெட் பேனாவைப் பிடித்துக்கொண்டு மேற்கொண்டு ஏதாவது வருமா என்று காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. காபியும் ஏலக்காய் ரொட்டியும் வந்தன. அவளை நிலையம் முழுக்கச் சுற்றிக் காட்டினாள் இர்மா. கொலெட் எல்லாவற்றையும் பார்த்தாள், ஏதேதோ கேட்டாள், முக்கால் மணி நேரத்தில் கிளம்பிவிட்டாள். 'எழுநூறு டாலருக்கு ஒரு காபி குடிச்சிட்டுப் போகுது' என்று இர்மா மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். கொஞ்சம் அநியாயமான நினைப்புதான். அந்தக் காபியும் ரொட்டியும்கூடத் தன் காசு என்பதால் வந்த நினைப்பு.

டிசம்பரில் மதிப்பீட்டுப் படிவம். வேலை கொடுத்தவர் ஒன்று எழுத வேண்டும்; வேலை செய்தவர் தன்னைப் பற்றித் தானே ஒன்று எழுத வேண்டும். பத்தொன்பது கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டம்: போதாது, பரவாயில்லை, நன்று, மிக நன்று, மிகச் சிறப்பு.

வெய்க்கோ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து எழுதினார். அனுப்புவதற்கு முன் இர்மா கையெழுத்துப் போட வேண்டும் என்று அவளிடம் நீட்டினார். இர்மா பார்த்தாள். பத்தொன்பதிலும் 'பரவாயில்லை.' ஒன்று விடாமல். அவளுக்குக் காது சூடேறிவிட்டது. இவ்வளவு தூரம் சொல்லியிருக்க வேண்டாமே என்று கூச்சமாக இருந்தது. தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டாள். அன்று வீடு திரும்பும் வழியில் ரேடியோவை வைத்துக்கொண்டு அறுபது கிலோமீட்டரும் பாடிக்கொண்டு வந்தாள். தன் படிவத்தில் அவளும் எல்லாவற்றுக்கும் 'பரவாயில்லை' போட்டிருந்தாள். அதுவே கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம் என்று அவளுக்கு இரண்டு நாள் உறுத்தியது.

நான்காம் நாள் பல்கலைக்கழகத்திலிருந்து மின்னஞ்சல். கணினி அனுப்பியது. ஐந்துக்கு இரண்டு என்பது தேர்ச்சிக்குக் கீழே. மாணவியின் சுயமதிப்பீடும் அதையே உறுதி செய்கிறது. வேலைப் பருவம் தேறவில்லை என்று அறிவிக்க வேண்டியிருக்கும். வியாழக்கிழமை குழு கூடி முடிவு செய்யும்.

இர்மா அதை மூன்று தடவை படித்தாள். நான்காவது பருவம் தேறாவிட்டால் வசந்தத்தில் பட்டம் இல்லை. வெய்க்கோ ஜூனில் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு முழுப் பட்டம் இருக்கிற ஆளைத்தான் எடுப்போம் என்று ஊர் மன்றம் விளம்பரம் போட்டாகிவிட்டது. வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் அவளுக்கு வாய்த்த ஒரே வேலை அது. அடுத்தது வர எத்தனை வருடம் ஆகுமோ, அதுவரை முழங்கால் போன ரெய்னோவின் லாரிச் சம்பளத்தில் ஓட்ட வேண்டும்.

"வெய்க்கோகிட்டச் சொல்லு. மாத்தி எழுதித் தரட்டும்" என்றான் ரெய்னோ. அன்று அவன் சிரிக்கவில்லை.

"மார்க்குப் போடுங்கன்னு போய்க் கேக்கச் சொல்றியா?"

"நான் கேக்கட்டுமா?"

"நீ கேப்பியா?"

ரெய்னோ யோசித்தான். சவுனாவின் மேல் பலகையில் உட்கார்ந்துகொண்டு, 'என் பொண்டாட்டியை இன்னும் கொஞ்சம் புகழ்ந்து எழுது' என்று சொல்வதை நினைத்துப் பார்த்தான். "கேக்க மாட்டேன்" என்றான்.

அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. கேட்டால் இரண்டு நிமிட வேலை. இதை எங்கள் ஊரில் வெளியாட்களிடம் சொன்னால் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஆனால் இவர்களால் முடியாது. இர்மா மறுநாளும் வழக்கம்போல் நிலையத்துக்குப் போனாள், மாதிரி எடுத்தாள், நோட்டில் எழுதினாள். வெய்க்கோவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

புதன்கிழமை காலையிலிருந்தே பனி கொட்டியது. பள்ளிப் பேருந்துகளை நிறுத்திவிட்டார்கள். பதினோரு மணிக்கு நிலையத்தின் வாசலில், பனியில் பாதி புதைந்து, அந்தப் பழைய சின்னக் கார் வந்து நின்றது. கொலெட் கையில் அந்தப் படிவத்தோடு இறங்கினாள்.

"வெய்க்கோ இருக்காரா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனாள். பரிசோதனை அறைக்கும் வெய்க்கோவின் அறைக்கும் நடுவில் மெல்லிய பலகைத் தடுப்புதான். இர்மா குடுவை கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடினாள்.

"இர்மா எப்படி வேலை பாக்கறாங்க?" கொலெட்டின் குரல்.

"எழுதியிருக்கேனே."

"பரவாயில்லன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா. பத்தொம்பதுக்கும்."

"அப்போ சுமாரா?"

"சுமார்னு யார் சொன்னது?" வெய்க்கோவின் நாற்காலி கிறீச்சிட்டது.

"இதுக்கு மேல இன்னும் மூணு கட்டம் இருக்கே, பாக்கலையா?"

"பாத்தேன். அதெல்லாம் யாருக்கு?"

"நல்லா வேலை செய்யறவங்களுக்கு!"

"நல்லா வேலை செய்யறவங்களுக்கு எதுக்கு அவ்வளவு பெரிய வார்த்தை? அதெல்லாம் கார் விக்கிறவன் பேச்சு."

பிறகு கொலெட், "தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்டம்மா சமையல் எப்படி?" என்றாள்.

"முப்பத்தாறு வருஷமாச் சாப்பிடறேன்."

"நல்லாருக்குன்னு சொன்னதே இல்லையா?"

"சாப்பிடறேங்கறேனே."

தடுப்புக்கு இந்தப் பக்கம் இர்மாவுக்குச் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சரி, வேற ஒண்ணு கேக்கறேன்" என்றாள் கொலெட். "போன மாசம் நான் வந்தப்போ நிலையத்துச் சாவி இர்மா கழுத்துல இருந்துச்சு. எதுக்கு?"

"மூஸ் மான் வேட்டைக்குப் போனேன். அக்டோபர்ல."

"எத்தனை நாள்?"

"ஒம்பது நாள். லைசென்ஸ் உள்ள ஆள் ஒருத்தர் இருக்கணும்னு சட்டம். பக்கத்து ஊர் கார்டன் காலையிலயும் சாயங்காலமும் வந்து கையெழுத்துப் போட்டான். மத்ததெல்லாம் அவதான்."

"வருஷா வருஷம் போவீங்களா?"

"பதினோரு வருஷமா ரெண்டு நாளுக்கு மேல போனதில்ல."

"ஏன்?"

"தண்ணியை விட்டுட்டு எப்படிப் போறது?" இதுகூடத் தெரியாதா என்கிற குரல்.

"ரெண்டு நாள் போறப்போ நிலையத்துக்குப் போன் பண்ணுவீங்களா?"

"கேம்ப்ல போன் எடுக்காது. நாப்பது நிமிஷம் வண்டி ஓட்டிக் கடைக்கு வந்து பண்ணணும். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு."

"இந்தத் தடவை?"

குழாயிலிருந்து ஒரு சொட்டு தண்ணீர் தொட்டியில் விழுந்தது. இர்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒம்பது நாள்ல எத்தனை தடவை போன் பண்ணீங்க வெய்க்கோ?"

"பண்ணல."

"ஒரு தடவைகூட?"

"எதுக்கு?" என்றார் வெய்க்கோ. "அவ இருக்காளே."

இர்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. வந்தது என்ன, பொத்துக்கொண்டு வந்தது. ஆலை மூடிய அன்று வாகன நிறுத்தத்தில் நின்றபோதுகூட அவள் அழவில்லை. கழுவிய குடுவையையே மறுபடி எடுத்து, குழாயை முழுவதும் திறந்துவிட்டு, சத்தமாகக் கழுவினாள்.

அவள் முகம் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது கொலெட் மேசையில் குனிந்து வேகமாக எழுதிக்கொண்டிருந்தாள். பக்கம் திருப்பினாள், இன்னும் எழுதினாள். "நீங்க போட்ட குறியை மாத்த வேணாம். இது என் அறிக்கை. சொன்னதை மட்டும் எழுதியிருக்கேன், படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க" என்றாள்.

"குறியை மாத்தச் சொன்னாலும் மாத்த மாட்டேன்" என்ற வெய்க்கோ படித்தார். "நாப்பது நிமிஷம் இல்ல, நாப்பத்தஞ்சு" என்று திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

கொலெட்டின் கார் கிளம்பவில்லை; சக்கரம் பனியில் சுற்றியது. வெய்க்கோ தன் வண்டியில் கயிறு கட்டி இழுத்துச் சாலையில் விட்டார். திரும்பி உள்ளே வந்து, குளிர்பெட்டியிலிருந்து தாளில் சுற்றிய மூஸ் மான் இறைச்சி ஒரு பொட்டலத்தைக் கொண்டுபோய் அவள் பக்கத்து இருக்கையில் வைத்தார்.

இர்மா கார்க் கண்ணாடி அருகே போய் நின்றாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. "உன்னை யாரு வரச் சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"யாரும் சொல்லல. கணக்கு உதைச்சுது. ரெண்டு மார்க் வாங்கின ஆள் கழுத்துல யாராவது ஊர்த் தண்ணிச் சாவியை மாட்டி விடுவாங்களா?"

"நான் அந்த மனுவுல கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"தெரியும். எங்க ஆபீஸ்ல ஆளுக்கொரு சட்டை வாங்கியிருக்கோம்" என்று சிரித்தாள் கொலெட். "ரோடு மூடறதுக்குள்ள போறேன். வியாழக்கிழமை சாயங்காலம் மெயில் பாருங்க."

வியாழன் மாலை ஒற்றை வரி வந்தது: வேலைப் பருவம் தேறியது.

ஜனவரியில் கட்டண விஷயம் பல்கலைக்கழக மன்றத்துக்கு வந்தது. மனுவைப் பார்த்த நிர்வாகம் ஒரு வழி கண்டுபிடித்திருந்தது. எழுநூறை முந்நூற்றைம்பது ஆக்குகிறோம். அதற்குப் பதில் இடத்துக்கு நேரில் போய்ப் பார்ப்பதை நிறுத்துகிறோம். எல்லாம் கணினியில் படிவமாக வரும், ஆள் தேவையில்லை. ஆஷ்லினுக்கு ஒரே மகிழ்ச்சி. பாதி என்றால் சும்மாவா? கூட்டத்தில் பேச, சட்டையில் இருக்கிற வரியை எழுதியவரையே கூப்பிட்டாள்.

"நீங்க ரெண்டு நிமிஷம் பேசினாப் போதும் இர்மா. கட்டணம் வேஸ்ட்டுன்னு நீங்க சொன்னா எல்லாரும் கேப்பாங்க."

"நான் நினைக்கறதைத்தான் சொல்வேன்."

"அதைத்தான் கேக்கறேன்!" என்றாள் ஆஷ்லின்.

கூட்டத்துக்கு ரெய்னோவும் வந்தான். லாரியில் காலை நான்கு மணியிலிருந்து பனி ஒதுக்கிவிட்டு, குளித்து, கல்யாணத்துக்கும் சாவுக்கும் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்தான். கொலெட் சுவர் ஓரம் நின்றாள். நேரில் போவது நின்றால் அவள் வேலையும் நிற்கும். அது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

இர்மா மேசையைப் பிடித்துக்கொண்டு பேசினாள். தாள் எதுவும் கொண்டுவரவில்லை.

"எழுநூறு அதிகம். அதை நான் எழுதிக் கொடுத்தேன், இப்பவும் சொல்றேன். வேலையை நாங்களே தேடிக்கிட்டா முழுசா வாங்காதீங்க. உங்க ஆபீஸ் சுவர்ல அஞ்சு டிவி ஓடுது, அதுல நான் பல்லைக் காட்டிட்டு நிக்கறேன். என்னைக் கேட்டா எடுத்தீங்க? அதைக் கழட்டுங்க. பளபளன்னு புஸ்தகம் அச்சடிக்கறீங்க, அதை யாரும் படிக்கறதில்ல." மாணவர்கள் கை தட்டினார்கள். அவர்கள் தட்டி முடிக்கும்வரை இர்மா காத்திருந்தாள். "நேர்ல வர்றதை நிறுத்தாதீங்க. டிசம்பர்ல உங்க கம்ப்யூட்டர் என்னைப் பெயிலாக்கிச்சு. அதுக்கு நான் தேறாத ஆளு. பனியில அறுபது கிலோமீட்டர் வந்து, ஒரு பொண்ணுதான் கண்ணால பாத்ததை வச்சுக் கேள்வி கேட்டுச்சு. நாங்க வாயைத் திறக்காத கூட்டம். எங்களுக்கு யாராவது வந்து கேக்கணும்."

நிர்வாகத் தலைவர் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "நன்றி. பதிவுக்காக ஒரே கேள்வி. அந்த நேரடிப் பார்வைச் சேவையை நீங்க எப்படி மதிப்பிடறீங்க? சுருக்கமா?"

இர்மா சுவர் ஓரம் திரும்பிப் பார்த்தாள். கூட்டத்தில் இருநூறு பேர்.

"பரவாயில்ல" என்றாள்.

தலைவர் தலையாட்டிவிட்டு, பக்கத்திலிருந்தவரிடம் 'ஐந்துக்கு இரண்டு' என்று சொல்ல, அவர் எழுதிக்கொண்டார். ஆஷ்லின் திருதிருவென்று விழித்தாள். பின்வரிசைகளில் உட்கார்ந்திருந்த பின்லாந்துப் பெயர்க்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். கொலெட் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரியவில்லை.

முடிவு மார்ச்சில் வந்தது. ஐந்நூற்றைம்பது, தானே வேலை தேடினால் அதில் பாதி, நேரில் போவது தொடரும். ஐந்து டிவியும் அப்படியே ஓடுகின்றன. ஜூன் மாதத்திலிருந்து அந்தச் சின்ன ஊரின் தண்ணீருக்கு இர்மாதான் பொறுப்பு.

ஆனால் அன்று கூட்டம் முடிந்து வீடு திரும்பும்போது இதெல்லாம் தெரியாது. ரெய்னோ வண்டியை ஓட்டினான். ஊர் எல்லை தாண்டியது.

"ஆனாலும்" என்றான் கடைசியில், "அத்தனை பேர் முன்னாடி அந்தப் பொண்ணை நீ அவ்வளவு தூக்கி வச்சுப் பேசியிருக்க வேணாம்."

"மனசுல பட்டதைச் சொன்னேன்."

"இருபத்து மூணு வருஷத்துல என்னை ஒரு தடவை அப்படிச் சொல்லியிருப்பியா?"

முன்னால் சாலை விளிம்புக்கு விளிம்பு சுத்தமாகக் கிடந்தது. இரண்டு பக்கமும் பனி நேராக வரிசை பிடித்து ஒதுங்கி நின்றது. அவன் காலை நான்கு மணிக்கு எழுந்து, வலிக்கிற முழங்காலோடு ஒதுக்கிய சாலை. அவள் கொஞ்ச தூரம் அதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"ரோடு பரவாயில்ல" என்றாள்.

ரெய்னோ தொண்டையைச் செருமிக்கொண்டான். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்தான். தங்கள் வீட்டுத் திருப்பம் வந்தது. அவன் திரும்பாமல் நேரே போய்க்கொண்டிருந்தான். இர்மா திருப்பத்தைப் பார்த்தாள், இருக்கையில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.